நள்ளிரவில் ஹெராக்லியோனில் இறங்கினால்: ஒரு வாசகியின் டாக்ஸிக் கேள்விகள்

ஜெர்மனியில் டோர்ட்முண்ட் பக்கம் குடியிருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குப் போகிறார். அவர், கணவர், எட்டு வயது மகள், மூன்று வயது மகன், யாழ்ப்பாணத்திலிருந்து விசாவில் வந்திருக்கும் 68 வயது அம்மா என ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக தூரம் நடக்க முடியாது. டுசெல்டோர்ஃபிலிருந்து கிளம்பும் விமானம் இரவு 11.35க்கு ஹெராக்லியோனில் இறங்கும். ஹோட்டல் இருப்பது ரெத்திம்னோ நகருக்குக் கிழக்கே, பிளாடானியாஸ் என்ற கடற்கரை ஊரில். விமானத்தையும் ஹோட்டலையும் ஒரே இணையதளத்தில் ஒரே விலைக்கு வாங்கியிருக்கிறார்.

கவலை எல்லாம் விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் வரைக்குமான பயணம்தான். போன வருடம் ரோட்ஸ் தீவில் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு டாக்ஸியில் போனபோது மீட்டரில் ‘2’ என்ற எண் எரிந்துகொண்டே இருந்ததாம். இரண்டு பெரியவர்கள் என்பதால் இரட்டிப்பாகப் போட்டுவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். இறங்கும்போது ஓட்டுநர் பெட்டிகளுக்கும் விமான நிலையத்துக்கும் தனியாகக் காசு கேட்க, கணவர் சத்தம் போட, பிள்ளைகள் அழ, ரசீதுகூட வாங்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். “விடுமுறையின் முதல் மணி நேரமே கசந்துபோனது” என்று எழுதுகிறார்.

இந்த முறை ஹோட்டலில் வேனுக்கு 115 யூரோ கேட்கிறார்கள். ஒரு முன்பதிவுத் தளம் அதே பயணத்துக்கு 198 யூரோ காட்டுகிறது. கணவரோ, “இறங்கியதும் டாக்ஸி பிடிக்கலாம், சின்னவனை மடியில் வைத்துக்கொண்டால் போதும். இல்லையென்றால் ஊபர், அதுவும் இல்லையென்றால் வாடகைக் கார்” என்கிறார். வாசகியின் கேள்விகள்: எது நல்லது? இணையத்தில் பதிவு செய்ததை 14 நாளுக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கலாம்தானே? சொன்ன வண்டி வராவிட்டால் யாரைக் கேட்பது?

அன்புள்ள சகோதரி,

நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது சட்டக் கேள்வி அல்ல, ‘மடியில் வைத்துக்கொண்டால் போதும்’ என்ற வரி. அதற்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் வீட்டிலேயே இருக்கும் ஒரு காகிதத்தைப் பார்த்துவிடலாம்.

உறுதிப்பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது?

விமானத்தையும் ஹோட்டலையும் ஒரே விலைக்கு வாங்கியிருப்பதால், உங்களுடையது சட்டப்படி ஒரு ‘பௌஷால்ரைஸே’, அதாவது தொகுப்புச் சுற்றுலா. இப்படிப்பட்ட தொகுப்புகள் பலவற்றில் விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கான பயணமும் சேர்ந்தே வரும். சிலவற்றில் வராது. ‘தொகுப்பு என்றால் எல்லாம் அடக்கம்’ என்பதும் தப்பு, ‘டாக்ஸி நம் பாடு’ என்று முடிவு கட்டுவதும் தப்பு. பயண உறுதிப்பத்திரத்தை எடுத்து ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிய பயணத்துக்கு மறுபடியும் 115 யூரோ கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சொல் இருந்தால் உங்கள் நிலை மிகவும் வலுவானது. தொகுப்பில் உள்ள எல்லாச் சேவைக்கும் பயண ஏற்பாட்டாளரே, அதாவது அந்தத் தொகுப்பைச் சேர்த்து வழங்கும் நிறுவனமே பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண விதியும், அதைத் தழுவிய ஜெர்மன் சிவில் சட்டமும் அப்படித்தான் சொல்கின்றன. டிரான்ஸ்ஃபர் பேருந்து வரவில்லை என்றால் பத்திரத்தில் உள்ள அவசர எண்ணுக்கு உடனே அழைத்து, குறையைச் சொல்லி, சரி செய்ய நியாயமான நேரம் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் சரி செய்யாவிட்டால் நீங்களே டாக்ஸி எடுத்து, அதற்கான செலவை அவர்களிடம் கேட்கலாம். சொல்லாமலே டாக்ஸி எடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியபின் பில்லை அனுப்பினால் உங்கள் உரிமை பலவீனமாகிவிடும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு நிமிட அழைப்பு, அதன் ஸ்கிரீன்ஷாட், அவ்வளவுதான் தேவை.

ஆனால் ஒன்று. ஏற்பாட்டாளரின் பெரிய பேருந்து வழியில் உள்ள ஹோட்டல்களில் எல்லாம் ஆட்களை இறக்கிவிட்டுத்தான் போகும். நேரே போனாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் வழி அது. நள்ளிரவில் அம்மாவும் சின்னவனும் அதைத் தாங்குவார்களா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். பத்திரத்தில் டிரான்ஸ்ஃபர் இருந்தும் தனி வேன் எடுக்க நீங்கள் முடிவு செய்தால் அதை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். தெரிந்து செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மீட்டரில் எரிந்த அந்த ‘2’

ரோட்ஸில் நடந்ததைப் பற்றி ஒரு வருடமாக மனதுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறீர்கள். அநேகமாக அந்த ஓட்டுநர் மீட்டரில் உங்களை ஏமாற்றவில்லை.

கிரீஸில் டாக்ஸி மீட்டருக்கு இரண்டு கட்டண விகிதங்கள். ‘1’ என்றால் ஊர் எல்லைக்குள், பகல் நேர ஓட்டம். ‘2’ என்றால் ஊர் எல்லைக்கு வெளியே ஓடும் ஓட்டம், அல்லது நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஓடும் எந்த ஓட்டமும். ஆட்களின் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ரோட்ஸ் விமான நிலையம் பராதிசி என்ற கிராமத்தின் ஓரத்தில், நகரத்திலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த வழியில் ‘2’ எரிந்ததில் தவறு இல்லை. விமான நிலையத்திலிருந்து ஏறினால் ஒரு சிறு கூடுதல் கட்டணம், 10 கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறு தொகை என்பதும் அதிகாரபூர்வக் கட்டணப் பட்டியலிலேயே உண்டு.

அவர் செய்த தவறு வேறு: ரசீது தரவில்லை. மீட்டரிலிருந்து அச்சாகும் ரசீதைக் கொடுப்பது ஓட்டுநரின் கடமை. கிரேக்கத்தில் ‘அபோதிக்ஸி’ என்பார்கள், அந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கேட்ட பிறகு தொகை குறைவதைக்கூடப் பார்க்கலாம். பட்டப்பகலில், நகரத்துக்குள்ளேயே ஓடும்போது ‘2’ எரிந்தால் அப்போது தாராளமாகக் கேள்வி கேளுங்கள். மீட்டரே போடாமல் வாய்க்கு வந்த தொகையைச் சொன்னாலும் அப்படித்தான். ஏறும் முன்பே கேட்க வேண்டும், இறங்கும்போது அல்ல. பேச்சு முற்றினால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1571. அந்த எண்ணைக் கைப்பேசியில் காட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஹெராக்லியோன் போன்ற தீவு விமான நிலையங்களில் டாக்ஸி வரிசைக்கு அருகில் முக்கிய ஊர்களுக்கான கட்டணப் பலகை வைத்திருப்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டு, ஓட்டுநரிடம் ஊர் பெயரைச் சொல்லித் தொகையை உறுதி செய்துவிட்டு ஏறுவது அங்கே சாதாரண வழக்கம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து “டாக்ஸி, டாக்ஸி” என்று அழைத்து வேறு எங்கோ நிறுத்திய காருக்குக் கூட்டிப் போகிறவரோடு மட்டும் போகாதீர்கள். உரிமம் உள்ள டாக்ஸி வரிசையில்தான் நிற்கும். வண்டியின் நிறத்தை வைத்துத் தேடவும் வேண்டாம். ஏதென்ஸில் மஞ்சள், ரோட்ஸில் கருநீலத்தோடு வெள்ளைக் கூரை என்று ஊருக்கு ஊர் மாறும்.

ஐந்து பேர், மூன்று வயதுப் பிள்ளை

சாதாரண டாக்ஸியில் நான்கு பயணிகள்தான் ஏறலாம். மூன்று வயது மகனும் ஒரு பயணிதான், மடியில் வைத்தாலும் அவன் ஐந்தாவது ஆள். வரிசையில் நிற்கும் ஓட்டுநர் மறுத்தால் அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு டாக்ஸி எடுத்தால் செலவும் இரண்டு மடங்கு, அம்மா எந்த வண்டியில் என்ற குழப்பம் வேறு. வரிசையில் பெரிய வண்டி ஒன்று நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

ஆனால் எனக்கு ஆள் கணக்கை விடப் பெரிய கவலை மடி. குழந்தை இருக்கை விஷயத்தில் டாக்ஸிகளுக்கு விலக்குக் கொடுக்க ஐரோப்பிய விதி ஒவ்வொரு நாட்டுக்கும் இடம் விட்டிருக்கிறது. அப்போதும் பிள்ளை பின் இருக்கையில் இருக்க வேண்டும். அதனால் டாக்ஸியில் குழந்தை இருக்கை இருக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. நீங்கள் போகப்போவது கிரீட்டின் வடகரை நெடுஞ்சாலை. விபத்துகளுக்குப் பெயர்போன சாலை அது. பல இடங்களில் நடுவில் தடுப்பே இல்லை. மெதுவாகப் போகிற வண்டிகள் ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்க, பின்னால் வருகிறவர்கள் முந்திக்கொண்டு போவது அங்கே பழகிப்போன விஷயம். அந்தச் சாலையில், நள்ளிரவில், சுமார் 75 கிலோமீட்டர் ஒரு பிள்ளையை மடியில் வைத்துப் போக வேண்டாம். கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆகவே என் தெளிவான ஆலோசனை: முன்பதிவு செய்த வேன். பதியும்போதே ‘ஐந்து பயணிகள், மூன்று வயதுக்கான இருக்கை ஒன்று, எட்டு வயதுக்கான உயர்த்தும் இருக்கை ஒன்று’ என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மின்னஞ்சலிலும் அது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாக ‘ஓகே, ஓகே’ என்றால் நம்ப வேண்டாம்.

ஊபரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனியார் கார்களை வைத்து ஓட்டிய அவர்களது சேவை 2018இல் புது சட்டம் வந்ததும் கிரீஸில் நிறுத்தப்பட்டது. இப்போது செயலியில் கிடைத்தாலும் வருவது பெரும்பாலும் உரிமம் பெற்ற டாக்ஸிதான். அதே நான்கு இருக்கைகள். வாடகைக் கார் நல்ல யோசனைதான், ஆனால் முதல் இரவுக்கு வேண்டாம். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு அலைந்து களைத்த ஒருவர் தெரியாத சாலையில் இரவு ஒரு மணிக்கு ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. இரண்டாம் நாள் ரெத்திம்னோவிலேயே எடுத்துக்கொள்ளலாம். பிணைத்தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே உண்மையான கிரெடிட் கார்டு கேட்பார்கள், உங்கள் சாதாரண வங்கி அட்டை பல இடங்களில் செல்லாது.

இரண்டு பிளாடானியாஸ்

115க்கும் 198க்கும் இடையே ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று யோசித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிரீட்டில் பிளாடானியாஸ் என்ற பெயரில் இரண்டு கடற்கரை ஊர்கள் உண்டு. உங்களுடையது ரெத்திம்னோவுக்குச் சற்றுக் கிழக்கே. மற்றது, வெளிநாட்டவருக்கு அதிகம் தெரிந்தது, ஹானியா நகரத்துக்கு மேற்கே. ஹெராக்லியோனிலிருந்து அது கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், உங்கள் ஊரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தளத்தின் படிவத்தில் பெயரைத் தட்டியதும் முதலில் வந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

விலையை விட இது பெரிய விஷயம். தவறான ஊரைப் பதிந்தது நீங்கள் என்றால் ஒப்பந்தம் அந்த ஊருக்குத்தான். ஓட்டுநர் “எனக்கு வந்த ஆர்டர் ஹானியா” என்று சொன்னால் அவர் சொல்வதுதான் சரி. ஆகவே எங்கே பதிந்தாலும் ஊர் பெயரோடு நிற்காமல் ஹோட்டலின் முழு முகவரி, அஞ்சல் குறியீடு, ‘ரெத்திம்னோ’ என்ற மாவட்டப் பெயர் எல்லாவற்றையும் கொடுங்கள். ஹோட்டலின் பெயரையும் முகவரியையும் கிரேக்க எழுத்தில் அனுப்பச் சொல்லி, அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்து, தாமதம், வராத வண்டி

இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பலாம் என்ற விதி துணிமணிக்கும் மின்சாதனங்களுக்கும் சரி. பயணிகள் போக்குவரத்துக்கு அது பொருந்தாது. வாடகைக் காருக்கும் பொருந்தாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2005லேயே அதையும் போக்குவரத்துச் சேவையாகவே பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆக, ரத்து செய்யும் உரிமை உங்களுக்குச் சட்டத்திலிருந்து வராது, நிறுவனத்தின் நிபந்தனைகளிலிருந்துதான் வரும். ‘24 மணி நேரத்துக்கு முன்பு வரை இலவச ரத்து’ என்று எழுதியிருந்தால் அதுதான் உங்கள் உரிமை, அவ்வளவே.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தனியாக வாங்கிய போக்குவரத்தில் பிரச்சினை வந்தால், நுகர்வோர் தன் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்ற ஐரோப்பியச் சலுகையும் கிடையாது. தொகுப்புப் பயணத்துக்கு உண்டு, வெறும் வண்டிப் பயணத்துக்கு இல்லை. ஹோட்டல் அறையோடு ஹோட்டல் வேனையும் சேர்த்து எடுத்தால் அது தொகுப்பாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது, அந்தச் சிறு பயணம் அறையின் துணைச் சேவையாகத்தான் கருதப்படும். எனவே நூறு யூரோவுக்கு நீதிமன்றம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, பணம் கட்டும் முறையில் பாதுகாப்பைத் தேடுங்கள். வண்டியில் ஏறிய பிறகு கட்டுவது மிக நல்லது. முன்கூட்டியே கட்டத்தான் வேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்காதபோது கட்டணத்தைத் திரும்பப் பெற வங்கி மூலம் கேட்கலாம். வங்கிப் பரிமாற்றமாக அனுப்பினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஹோட்டலின் 115 யூரோ வேனைத்தான் எடுப்பேன். தளங்கள் பல, ‘நாங்கள் இடைத்தரகர் மட்டும்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். வண்டி வராத இரவில் தளம் ஓட்டுநரைக் காட்டும், ஓட்டுநர் தளத்தைக் காட்டுவார். ஹோட்டலில் அப்படி ஓட முடியாது, காலையில் அவர்கள் முகத்தில்தான் விழிக்கப் போகிறீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு தீவில் நானே ஒரு தளத்தின் வண்டிக்காக இரவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கடைசியில் ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்தான் தனக்குத் தெரிந்த ஓட்டுநரை அனுப்பினார்.

பதியும்போது வெறும் நேரத்தைக் கொடுக்காமல் விமான எண்ணைக் கொடுங்கள், அப்போதுதான் தாமதமானால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இலவசக் காத்திருப்பு எவ்வளவு நேரம், அது தரையிறங்கியதிலிருந்தா பதிந்த நேரத்திலிருந்தா என்று கேளுங்கள். வண்டியைக் காணோம் என்றால் அழையுங்கள், செய்தி அனுப்புங்கள், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நியாயமாகக் காத்திருந்துவிட்டு டாக்ஸி வரிசைக்குப் போய் ரசீதோடு பயணம் செய்யுங்கள். அந்த இரவில் இரண்டு டாக்ஸி எடுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. சின்னவனுக்கு வீட்டிலிருந்து கார் இருக்கையை எடுத்துப் போனால் இந்த நிலையிலும் கைகொடுக்கும். பல விமான நிறுவனங்கள் அதைக் கட்டணமின்றி ஏற்றுகின்றன, உங்களுடையதில் கேட்டுக்கொள்ளுங்கள். நகரப் பேருந்து ஹெராக்லியோனுக்குள்தான் போகும், ரெத்திம்னோ பேருந்துக்கு ஊருக்குள் போய் மாற வேண்டும். உங்கள் நேரத்துக்கு அதை நம்பக் கூடாது.

விமானமே மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தால், இன்றுள்ள விதிப்படி இந்தத் தூரத்துக்கு ஆளுக்கு 400 யூரோ இழப்பீடு கேட்கலாம், அசாதாரணச் சூழ்நிலை காரணமாக இருந்தால் தவிர. அது இருக்கை வாங்கிய பிள்ளைகளுக்கும் உண்டு. அந்த நேரத்தில் வேனைத் தவறவிட்ட செலவின் ரசீதையும் வைத்திருங்கள், இழப்பீட்டைத் தாண்டி உண்மையான நட்டம் இருந்தால் பேச உதவும்.

அம்மாவுக்காக

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டு ஐரோப்பிய விதிப்படி, நடக்கச் சிரமப்படும் பயணிக்கு விமான நிலைய உதவி இலவசம். சக்கர நாற்காலி கேட்க மாற்றுத்திறனாளி அட்டை வேண்டியதில்லை. வயதும் முழங்கால் வலியும் போதும். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். தொகுப்பாக வாங்கியிருப்பதால் ஏற்பாட்டாளரிடமே எழுதிச் சொல்லுங்கள், திரும்பி வரும் பயணத்துக்கும் சேர்த்து. விமானக் கதவிலிருந்து பெட்டி வரும் இடம் வழியாக வெளியே குறிக்கப்பட்ட இடம் வரைக்கும் கூட்டி வருவார்கள். வேன்காரரிடம் ‘சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார், வெளியே வர நேரமாகும்’ என்று முன்பே சொல்லிவிட்டால் அவரும் அவசரப்படுத்த மாட்டார். “எனக்கு எதற்கு நாற்காலி, நடந்து வந்துவிடுவேன்” என்று அம்மா சொல்லத்தான் செய்வார். அப்படியும் பதிந்து வையுங்கள்.

ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசா கிரீஸுக்கும் செல்லும். ஆனால் தங்கும் நாட்கள் திரும்பி வரும் தேதியையும் தாண்டி மிச்சம் இருக்கிறதா என்று விசாவில் எண்ணிப் பாருங்கள். ஷெங்கன் நாடுகளுக்குள்ளேயே நடக்கும் பயணம் என்பதால் கடவுச்சீட்டுச் சோதனை வழக்கமாக இருக்காது. அதற்காக அம்மாவின் கடவுச்சீட்டையும் மருத்துவக் காப்பீட்டுத் தாளையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். மருந்துகளோடு சேர்த்து உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.